கரண்டி

தகரத்தை உலுக்கினால்
ஈர மணல் நகர்கிற சத்தம்.
கொட்டாஞ்சேனையில் காலை ஐந்து மணி,
பாண் வண்டியும் இன்னும் வரவில்லை.
ஒரு கரண்டி, அரைக் கோப்பைத் தண்ணீர்,
மூச்சைப் பிடித்து ஒரே மடக்கு.

கால் மணித்தியாலத்தில் காது மடலில் தொடங்கும்.
எறும்பு என்று சொல்லலாம், ஆனால் எறும்பு இல்லை.
சோடாப் போத்தலைத் திறந்து முகத்தருகே பிடித்தால் தெறிக்குமே,
அந்தத் தெறிப்பு,
தோலுக்கு உட்பக்கத்தில்.

"இது மச்சமா?" என்றாள் அம்மா, முதல் நாளே.
மீன் ஏறாத அடுப்பு எங்களுடையது.
தகரத்தின் முதுகைத் திருப்பி வாசித்துக் காட்டினேன்:
பீற்றா அலனின். தொழிற்சாலையில் பிறந்தது.
செதில் இல்லை, கண் இல்லை.
ஆனால் பொய் சொல்ல வரவில்லை.
பஸீனா மத்தியானச் சோற்றில்
சூரை மீன் குழம்போடு சும்மா விழுங்குவதைத்தான்
நான் மாதம் எட்டாயிரம் கொடுத்து வாங்குகிறேன், அம்மா.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அப்ப கரண்டியை வேறையா வை."

தெறிப்பது ஒன்றுக்கும் உதவாது.
அது நரம்பின் முணுமுணுப்பு, அவ்வளவுதான்.
உதவுகிறது சத்தமே போடாமல் தசைக்குள் போய்
ஹிஸ்டிடினைச் சேர்த்துக்கொண்டு
கார்னோசின் என்று பெயரை மாற்றிக்கொண்டு
கிழமைக் கணக்கில் சும்மா இருக்கும்.
அமிலம் பொங்குகிற அன்றைக்கு
துடைக்கத் துணியோடு எழும்பும்.

சுகததாச மைதானம். வர்த்தக நிறுவனங்களின் மெய்வல்லுநர் போட்டி.
என் நெஞ்சில் காப்புறுதிக் கம்பனியின் பெயர்,
பஸீனாவின் நெஞ்சில் பிஸ்கட்.
முதல் சுற்று எல்லாருக்கும் சுகம்.
அறுநூறாவது மீற்றரில் எனக்கு வழமையாக
ஒரு கதவு படாரென்று சாத்தும்,
தொடை இரண்டும் வேறு யாருடையதோ ஆகிவிடும்.
அன்று அறுநூறு போனது.
கதவைக் காணவில்லை.
பயம் வந்தது, உண்மையாக.
அறுநூற்று நாற்பதில் சாத்தியது.

நாற்பது மீற்றர். மூன்று தகரம்.
மீற்றருக்கு அறுநூறு ரூபா
என்று கணக்குப் பார்த்தது
அந்த நேரத்திலும் என் கிளாக்கர் மூளை.
பிறகு கணக்கும் இல்லை.
வாயில் இரும்பு ருசி,
முன்னால் பஸீனாவின் பின்னல்,
கையெட்டுகிற தூரத்தில், கடைசிவரை கையெட்டுகிற தூரத்தில்.

மட்டக்குளி பஸ்ஸில் இரண்டு பேரும் நின்றுகொண்டே வந்தோம்.
அவளுக்கும் கால் நடுங்கியது.

வீட்டில் அம்மா தகரத்தைச் சரித்துப் பார்த்தாள்.
"இன்னும் ரெண்டு நாளைக்குக் காணும்.
பிறகு?"
உள்ளே சேர்ந்தது உடனே போகாது, மெல்ல மெல்லத்தான் வடியும் என்றேன்.
குசினிச் சுவரில், தனி ஆணியில்,
கழுவின கரண்டி
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.