ஊசியின் நுனி

பிராண்ட்வோல்ட் நல்ல துப்பாக்கியா என்று
என்னிடம் கேட்காதீர்கள்.
நான் பழுது பார்ப்பவன்.
ஊரார் பல்லெல்லாம் எப்படி என்று
பல் வைத்தியனிடம் யாராவது கேட்பார்களா?
என் கதவைத் தள்ளிக்கொண்டு வருபவை எல்லாம்
கெட்டுப்போனவை.
கெடாதவை எங்கோ டிராக்டர் இருக்கைக்கடியில்
வாய் திறக்காமல் கிடக்கின்றன.

மைல்ஸ் சிட்டியில் பிப்ரவரி.
எண்ணெய் மெழுகாகும் குளிர்.
மாட்டுப்பண்ணை ஆரின் ட்வெய்ட்
பூட்ஸ் பனியை என் தரையில் தட்டிவிட்டுச் சொன்னார்:
“இருபது வருஷம். ஒரு தடவைகூடச் சிக்கினதில்லை.”
எத்தனை தோட்டா சுட்டிருப்பீர்கள்?
விரல்விட்டு எண்ணினார்.
ஒரு பாம்பு. கால் முறிந்த கன்று ஒன்று.
புத்தாண்டு இரவில்
வானத்தைப் பார்த்து நாலு.

லோரேன் ஹைட்டுக்கு அதுவே குப்பை.
ஞாயிறு தவறாமல் இருநூறு சுடுகிறவள்.
மூட்டை விலைக்குத் தோட்டா வாங்குவதை
அவள் சொல்ல மாட்டாள், நானும் கேட்க மாட்டேன்.
மகசீனின் உதடு மயிரளவு வளைந்திருந்தது.
இடுக்கியால் நிமிர்த்தினேன், பத்து டாலர்.
உதடு நிமிர்ந்தது.
அபிப்பிராயம் நிமிரவில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சரிதான், பானை ஒன்றாக இருந்தால்.
இங்கே அடுப்பு மூன்று முறை மாறியிருக்கிறது.
முதலாளி இருந்தார், மருமகன் வந்தான்,
பிறகு யாரோ வாங்கினார்கள்,
இரும்பைப் பதப்படுத்த வெளியூருக்கு அனுப்பினார்கள்.
பெயர் மட்டும் அதே எழுத்தில், அதே சாய்வில்.
பழைய முதலாளி காலத்துச் சரக்கே உசத்தி என்பார்கள்.
அந்தக் காலத்து ஸ்பிரிங் எத்தனை மாற்றினேன் என்பது
என் நோட்டுக்குத் தெரியும்.

சரி, இதையும் கேளுங்கள்.

நவம்பரில் ஒரு வீட்டு வாசலில்
துணை ஷெரிஃப் கார்வின் ஸ்ட்ராம் விசையை இழுத்தான்.
கிளிக்.
எதிரே நின்றவனுடையது வேறு கம்பெனி.
கார்வின் இப்போது வலது கையால்
இடது கையைத் தூக்கி மேஜைமேல் வைக்கிறான்.
பிராண்ட்வோல்டைப் பற்றி அவன் சொல்வதை
அச்சில் ஏற்ற முடியாது.
பிரித்துப் பார்த்தேன்.
சுடும் ஊசியின் நுனி உடைந்திருந்தது,
நொய்யரிசி அளவு.

போன வாரம் கடை மூடும் நேரம்,
மாரென் ஓல்ஸ்டாட் துண்டில் சுற்றியதை
மேஜைமேல் வைத்தாள்.
புருஷன் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போயிருக்கிறான்.
அலமாரி மேல்தட்டில் இருந்ததாம்.
நாற்காலி போட்டு ஏறியிருக்கிறான், ஆறு வயசு.
தங்கையை அசையாமல் நிற்கச் சொல்லியிருக்கிறான்.
அவளும் நின்றிருக்கிறாள்.
சமையலறையிலிருந்து மாரெனுக்குக் கேட்டது
அந்தச் சத்தம் மட்டும்தான்.

பிரித்தேன். நுனி இல்லை.
உள்ளே இருந்த தோட்டா உயிரோடு இருந்தது.
எண்ணைப் பார்த்தேன்,
கார்வினுடையதிலிருந்து பதினோராவது.
ஒரே உலை. ஒரே வாரம்.
யாரோ ஒருவர் அன்றைக்கு
கடிகாரத்தைப் பார்க்க மறந்திருக்கிறார்.

“புது ஊசி போடட்டுமா?”
“தொடாதீர்கள்.”

பழக்கத்தில் கம்பெனிப் படிவத்தை எடுத்தேன்.
குறை என்ற கட்டத்தில்
கார்வினுக்கு எழுதிய அதே வரியை எழுதினேன்.
அடுத்த கட்டம், வாடிக்கையாளர் திருப்தி.
பேனாவை என் கையிலிருந்து வாங்கி
‘மிக நன்று’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள்,
தாள் கிழியும்படி,
மறுபடியும், மறுபடியும்.

துப்பாக்கியை எடுத்துக்கொள்ளவில்லை.
துண்டை மட்டும் நாலாக மடித்து
கோட்டுக்குள் வைத்துக்கொண்டு
பனிக்குள் இறங்கிப் போனாள்.