வெள்ளி மாலை ஐந்து மணி வரை

இரண்டு கடிதமும் ஒரே செவ்வாயில் வந்தன.
ஒன்று தெற்கே, வாகா வாகா.
மற்றது வடக்கே, ஆர்மிடேல்.
டூங்காபியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து
எந்தப் பக்கம் காரைத் திருப்பினாலும்
ஐந்து, ஐந்தரை மணி நேரம்.
தராசு முள் அசையாத தூரம்.

"சிட்னியிலை கிடைக்கேல்லையோ?" என்றார்
யோகமலர் அன்ரி, வாழ்த்துவதற்கு முன்.
அம்மா தேநீரை அவர் பக்கம் தள்ளினாள்.
அதில் சீனி போடவில்லை என்பது
எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

அண்ணன் அட்டவணை போட்டான்.
வாடகை, பெட்ரோல், ஆஸ்பத்திரிப் படுக்கைகள்,
ஜூலை மாதக் குளிர்,
கறிவேப்பிலை கிடைக்குமா.
கூட்டிப் பார்த்தால்
எழுபத்து மூன்று, எழுபத்து மூன்று.
"ஒரு புள்ளியை மாத்தட்டே?" என்று கேட்டான்,
வாக்குப்பெட்டிக்குக் காவல் இருப்பவன்போல்
குரலைத் தாழ்த்தி.

முதலில் வாகா போனேன்.
பெயரே சொல்லுதே, வாகாய்த்தான் இருக்கும் என்றார் அப்பா.
காகங்களின் ஊர் என்று முன்பு சொல்வார்களாம்;
அல்ல, ஆட்டமும் கொண்டாட்டமும் என்று
அந்த மண்ணின் விராஜுரி மூத்தோர் திருத்தியிருக்கிறார்கள்.
நான் போன அன்று இரண்டும் இல்லை.
மரம்பிட்ஜி ஆறு பால்தேநீர் நிறத்தில்
யாரையும் கேளாமல் வளைந்து போனது.
சுற்றிக் காட்டிய கெய்லா
உடற்கூற்று அறையில் முதல் நாளே மயங்கி விழுந்தவள்.
விழுந்த இடத்தைக் காட்டினாள்,
பெருமையாக, சிலை வைக்கப்போகிறவள்போல.
அவளைப் பிடித்தது. ஆற்றைப் பிடித்தது.
பார்த்த அறையின் ஜன்னலில் எலுமிச்சை மரம்.
திரும்பும் வழியில், குண்டகாய் தாண்டும்போது
முடிவாகிவிட்டது என்றே நினைத்தேன்.

ஆர்மிடேலுக்குப் போனது மரியாதைக்கு,
பெண்பார்க்க வந்த இரண்டாம் வீட்டாருக்கும்
ஒரு தட்டுப் பலகாரம் வைப்பதுபோல.
அப்பாவின் வேலை முடிந்த பிறகே கார் கிடைத்தது.
டாம்வர்த் தாண்டியதும் மூடுபனி.
மலை ஏற ஏற ரேடியோ திக்கியது.
விடிய வெகுநேரம் முன்பே வந்துவிட்டேன்.
ஆஸ்பத்திரிக் கார்த் தரிப்பிடத்தில்
அப்பாவின் ஜாக்கெட்டுக்குள் சுருண்டு
தூங்கிப்போனேன்.

கண்ணாடியில் தட்டு.
அக்டோபரிலும் புல்லில் உப்பாய் உறைபனி.
இரவுப் பணி முடிந்த தாதி ஒருத்தி,
கையில் சாவிக்கொத்து, வாயில் ஆவி.
"அட்மிஷனா?"
"ஓம்" என்றேன் தூக்கக் கலக்கத்தில்.
"கடிதம் இருக்கு."

அவள் கடிதத்தைக் கேட்கவில்லை.
கதவைத் திறந்து குனிந்து
என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
இரண்டு விரல். விறைத்த இரண்டு விரல்.
கடிகாரத்தைப் பார்த்தபடி
உதடு அசையாமல் எண்ணினாள்.
நான் நோயாளியில்லை என்று சொல்ல
முப்பது வினாடி இருந்தது.
சொல்லவில்லை.
இரவெல்லாம் நின்ற கால்களோடு
வீடு போகிற வழியில்
யாரென்றே தெரியாத ஒருத்தியின் ரத்தம்
ஒழுங்காய் ஓடுகிறதா என்று பார்க்கிறவளை
எண்ணிக்கையின் நடுவில் எப்படி நிறுத்துவது.

பிறகு சொன்னேன். சிரித்துவிட்டாள்.
"எண்பத்தெட்டு. கொஞ்சம் வேகம். ஏதாவது சாப்பிடு."
பெயர் கேட்க மறந்துவிட்டேன்.
அன்று காட்டிய விரிவுரை மண்டபம், நூலகம்
எதுவும் ஞாபகமில்லை.

அண்ணனின் அட்டவணையில் இதற்கு நிரல் கிடையாது.
அவனிடம் சொல்லவும் இல்லை.
குளிர் பிடித்திருக்கு என்றேன்.
"விசர்" என்றான்.

வெள்ளி, நாலு நாற்பது.
வாகாவுக்கு வேண்டாம் என்கிற பொத்தான்
வேண்டும் என்பதைவிடச் சிறியது.
அழுத்தியாயிற்று.
காத்திருப்போர் பட்டியலில் யாருக்கோ
இனிமேல் ஒரு கைபேசி அதிரும்,
கிரிஃபித்தில் ஏதோ கடையில்
தக்காளி நிறுத்துக்கொண்டிருக்கும் கையருகே.
எலுமிச்சை ஜன்னலை அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து
என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன்.
முதலில் ஒன்றும் கிடைக்கவில்லை.
இடத்தைக் கொஞ்சம் மாற்றினேன்.