மஞ்சளில் நிற்கிறது

தடாவுக்கு அப்பால் ஏசி கம்பெனியில்
வேலை உறுதி என்றார்கள்.
உறுதிக்கும் வேலைக்கும் நடுவே
ஒரு லிங்க் வந்தது.
தொட்டால் ஐந்து கட்டங்கள்.
படிப்பு பச்சை. போலீஸ் பச்சை.
மற்ற மூன்றும் மஞ்சள்.

மஞ்சள் என்றால் சிவப்பு இல்லை மேடம்,
பச்சையும் இல்லை,
நடந்துக்கிட்டு இருக்கு என்று அர்த்தம்
என்றாள் போனில் ஒருத்தி.
என் கண்ணுக்கு நடப்பது
சூலூர்ப்பேட்டை லோக்கல் போய்த் திரும்புவதும்
ஐஸ் லாரி செக்போஸ்ட்டில்
சொட்டிக்கொண்டே நிற்பதும்தான்.

பெயர், முதல் மஞ்சள்.
இங்கே நான் ச. மலர்விழி.
அங்கே இறால் ஷெட்டில் சேர்ந்த அன்று
ரைட்டர் இண்டிபேரு கேட்டார்.
வீட்டுப் பேரெல்லாம் எங்களுக்குக் கிடையாது என்றேன்.
கிடையாது என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை.
எந்த ஊர் என்றார். சொன்னேன்.
அன்று முதல் சம்பளச் சீட்டில்
ஆரம்பாக்கம் மலர்விலி.
நான்கு வருஷம் அவள்தான் இறால் உரித்தாள்.
அவள் நகக்கண்ணில்தான் புண் வந்தது.
அவளும் நானும் ஒருத்தியே என்று
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் இப்போது கேட்கிறார்கள்.
கொடுத்தேன்.
அவளுக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்தது, பதினோரு மாதம்.
வேலையில் இல்லாத காலத்துக்கு விளக்கம்,
இருநூறு எழுத்துக்குள்.
எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு வந்தது.
ஆஸ்பத்திரி பெயரை எடுத்தேன்.
தேதிகளை எடுத்தேன்.
குழந்தைக்கு வைத்திருந்த பெயரை எடுத்தேன்.
'சொந்தக் காரணம்' மிஞ்சியது.
அதையே அனுப்பினேன்.

மூன்றாவது, வீடு.
பென்சலய்யா என்று ஒருவன்
நாயுடுபேட்டையிலிருந்து பைக்கில் வந்திருக்கிறான்,
கழுத்தில் அட்டை, கையில் போன்.
நான் ரேஷன் கடை வரிசையில்.
பக்கத்து வீட்டு சகாயமேரியிடம் கேட்டிருக்கிறான்:
'மலர்விலி இல்லு இதேனா?'
இல்லு என்றால் வீடு, அவன் பாஷையில்.
'இல்ல' என்றாள் சகாயமேரி.
'அப்படி யாரும் இங்க இல்ல.
இருந்தாங்க. காலி பண்ணிட்டுப் போயி
வருஷம் ரெண்டாவுது.'

குழுக் கடனுக்கு வருகிறவனும்
இதே அட்டையைத்தான் மாட்டியிருப்பான்.
போன மாசம் அவளுக்காக நான்
இதே பொய்யைச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் கட்டம் சிவந்தது.
'முகவரியில் அப்படி ஒருவர் வசிக்கவில்லை.'
வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு படித்தேன்.
அடுப்பில் குழம்பு இருந்தது.

ஒன்பது முறை போன். இரண்டு மின்னஞ்சல்.
பென்சலய்யா மறுபடி வந்தான்.
சகாயமேரி முதலில் அவன் அட்டையை வாங்கி
போட்டோவையும் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தாள்.
பிறகு ஆரம்பித்தாள்.
நான் எடுத்த எல்லாவற்றையும் சொன்னாள்,
ஆஸ்பத்திரி, எத்தனாவது வார்டு,
மழையில் ஆட்டோ கிடைக்காதது,
அந்தப் பெயர்.
அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ.
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
முடிகிறவரை கேட்டான்.
அவன் போனில் இருந்தது இரண்டே பொத்தான்,
ஆம், இல்லை.
ஆம் அமுக்கிவிட்டு
கதவைப் படம் எடுத்துக்கொண்டு போனான்.

ராத்திரி அந்தக் கட்டம் பச்சை.
மற்ற இரண்டும் அப்படியே.
'அத்த எப்ப மாத்துவானுங்க?' என்றாள் சகாயமேரி,
சுவரில் விட்டுப்போன பெயின்ட்டைக் கேட்பதுபோல.

செவ்வாய்க்கிழமை வந்தவன்
நிஜமாகவே கடன்காரன்.
அப்படி யாரும் இங்க இல்ல என்றாள் வெளியே,
முன்னைவிடச் சத்தமாக.
உள்ளே விளக்கை அணைத்துவிட்டு
மூச்சுக்கூட விடாமல்
லிங்க்கைத் தொட்டுத் தொட்டுப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.