இடம் பிடிக்கப் போனவன்

காலை ஆறரைக்கு ஓகாவா ஆற்றங்கரை.
தோளில் நீலத் தார்ப்பாய்,
பையில் நான்கு சோற்றுருண்டை,
காதில் மேலாளர் மினெகிஷியின் ஒரே வாக்கியம்:
மரம் மறைக்காமல், கழிப்பறை நாறாமல்,
பதினொரு பேர் கால் நீட்டும்படி ஓர் இடம்.

வேலையில் சேர்ந்து நூற்றுப் பதினாறாம் நாள்.
நாங்கள் பசை தயாரிக்கிறோம்.
கப்பல், கண்ணாடி, எதையும் எதோடும் ஒட்டுவோம்.
பூங்காவில் எதையும் ஒட்டக் கூடாதென்று பலகை.
ஆகவே நான்கு மூலைக்கு நான்கு கனம்:
தண்ணீர் பாட்டில், பை,
என் கறுப்பு ஷூ இரண்டு.

எங்கே விரித்தாலும்
ஏதோ ஒரு கிளை
எனக்கு முன்பே வானத்தில்
துண்டு போட்டு வைத்திருந்தது.

பக்கத்துப் பாயில் ஒருத்தி.
பல் மருத்துவமனை வரவேற்பறையில் வேலை. பெயர் குசகாபே.
டாக்டரின் மாமியாருக்கு
நாற்காலி ஆடாத சமதரை வேண்டுமாம்.
பத்து மணிக்கு "வெயில்" என்றாள்.
பதினொன்றுக்கு "ஆமாம்" என்றேன்.
அதற்குப் பிறகு நிற்கவில்லை பேச்சு.

அவள் கழிப்பறை வரிசைக்குப் போனால்
அவள் பாய்க்கு நான் காவல்.
நான் போகும்போது செருப்பைக் கடன் தந்தாள்.
விடியலில் பாய் எடுக்க ஓடியவள்
அங்கே நோயாளிகள் போடும் செருப்போடு
அப்படியே ரயிலேறியிருக்கிறாள்.
பச்சை நிறம். விரலுக்கு மேலே அச்சிட்டிருந்தது:
தமாட்சுகுரி பல் மருத்துவமனை.
என் குதிகால் பாதி வெளியே.

மதியம் பின்னாலிருந்த குடும்பம்
என் பாயை இரண்டு விரற்கடை நகர்த்தியது.
நானும் நகர்த்தினேன்.
போர்கள் இப்படித்தான் தொடங்குகின்றன.
அவர்கள் ஒரு தர்பூசணிக் கீற்று நீட்டினார்கள்;
முடிந்தது.

பதினொரு பேர் என்றவர்
பதினாறு பேரோடு வந்தார், ஆறு மணிக்கு.
நிமிர்ந்து பார்த்தார்.
"மரம்" என்றார்.
என் பன்னிரண்டு மணி நேரம்
அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது.
"ஐஸ் வாங்கி வா."
எழுந்தேன்.
எழுந்த இடம்
தண்ணீர் போல மூடிக்கொண்டது.

கடை பாலத்துக்கு அப்பால்.
பாலத்தில் கயிறு கட்டி ஒருவழி ஆக்கியிருந்தார்கள்.
வண்டிக் கூரைமேல் போலீஸ்காரர், மைக்கில்:
"நிற்காதீர்கள். நடந்துகொண்டே பாருங்கள்.
பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள்."

அப்போது முதல் வெடி.

கிளை இல்லை, கம்பம் இல்லை, மேலாளர் இல்லை.
முழு வானம்.
கீழே ஆற்றில் இன்னொன்று,
படகு விளக்குகள் மேல் உடைந்து உடைந்து.
எல்லாரும் நடந்தார்கள், நடக்கிறவர்கள் மாதிரி:
ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே
ஒரு பொன்பூ விரிந்து உதிர நேரம் இருந்தது.
முன்னால் போனவரின் தோளில் குழந்தை
பின்பக்கமாகத் திரும்பி
எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு வந்தது.
சிவப்பானோம். பச்சையானோம்.

இரண்டு கிலோ ஐஸ் வாங்கினேன்.
திரும்பும் வரிசை பாலத்தின் மறு ஓரம்.
இறங்க வேண்டிய இடம் வந்தது.
இறங்கவில்லை.
சுற்றிப்போய் மறுபடி சேர்ந்துகொண்டேன்.
மூன்றாம் சுற்றில் போலீஸ்காரர்
பச்சைச் செருப்பை அடையாளம் கண்டுகொண்டார்.
"நடங்க" என்றார்,
மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

கரைக்கு வந்தபோது கையில்
மீன் இல்லாத மீன்தொட்டி.
ஐஸ் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
மினெகிஷி மரத்துக்கு நேர் கீழே
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்துப் பாயைக் காணோம்.
சதுரமாய்ப் புல் படுத்துக் கிடந்தது.
எங்கள் பாயின் இரண்டு மூலைகளிலும்
என் ஷூவுக்குப் பதில்
பார்லி டீ பாட்டில்கள், ஒன்று பாதி குடித்தது.
இருபத்தேழு அளவு அது. எப்படிப் போட்டு நடந்தாளோ,
படியேறும்போது கழன்றிருக்குமோ.

கடைசி ரயிலில்
எல்லார் கண்ணும் என் காலில்.
விலாசம் தேட வேண்டியதில்லை,
விரல்மேலேயே இருக்கிறது.
நாளை வியாழன்.
வியாழன் அவர்களுக்கு விடுமுறை என்று
பதினொன்றரை மணி வாக்கில் சொல்லியிருந்தாள்.

நாளை மறுநாள்
எனக்குப் பல் வலிக்கும்.