கோலுக்கு முந்தைய பந்துக்கு முந்தையது

பதினோரு வருஷம், நான்கு அணி.
அடித்த கோல் மூன்று.
அதிலும் ஒன்று எதிரணிக்காரன் முதுகில் பட்டு
உள்ளே போனது.
என் பெயரில் எழுதிவிட்டார்கள்,
நான் மறுக்கவில்லை.

மிச்சமெல்லாம் கோலுக்கு முந்தைய பந்துக்கு
முந்தைய பந்து.
எந்தப் பேப்பரிலும் வராது அது.
மட்காவில் பந்து பொறுக்கும் பையன் ஒருவன்
ஆட்டம் முடிந்து ஓடி வந்து
கொங்கணியில் என்னவோ சொன்னான்.
“எட்டாம் நம்பர், நான் பார்த்தேன்”
என்றுதான் சொன்னதாக
வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முழங்காலில் முதல் ஊசி கொல்கத்தாவில்.
டாக்டரின் முகம் மறந்துவிட்டது,
அறையின் பினாயில் வாடை மறக்கவில்லை.
“வலிக்கிறதா?”
“இல்லை.”
என் ஆயுளில் நான் கொடுத்ததிலேயே
சுத்தமான பாஸ் அந்தப் பொய்தான்.
பிசகாமல் அவர் காலடிக்குப் போனது.
அவரும் நிறுத்திப் பார்க்காமல்
முன்னால் தட்டிவிட்டார்.

இப்போது மஞ்சக்குப்பம் மைதானம்,
காலை ஐந்தரை.
பொருட்காட்சி முடிந்து லாரிகள் கிளம்பினால்
ராட்டினம் நட்ட குழிகளை
நாங்கள்தான் மண் போட்டு மூடுகிறோம்.
கூம்புக்குப் பதில் தண்ணீர் கேன் மூடிகள்.
தெற்குக் காற்று அடித்து சிப்காட் வாடை வந்தால்
அன்றைக்கு ஓட்டம் கிடையாது,
உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டப் பழகுவோம்.

யுவஸ்ரீ சோனங்குப்பத்திலிருந்து வருகிறவள்.
பதின்மூன்று வயது. பந்து வருமுன்னே
இரண்டு தோளுக்கும் மேலாகத் திரும்பிப் பார்ப்பாள்,
ரோடு தாண்டுகிறவள் மாதிரி.
நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

நெய்வேலியில் இறுதி ஆட்டம்.
புல் இருக்கிற மைதானம்,
விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க வந்தவர்
மடியில் நோட்டு.
இரண்டாம் பாதியில் பார்த்தேன்:
இடது கால் ஊன்றும்போது
ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள்.
பந்து வரும்போது இல்லை,
பந்து போன பிறகு.

கோட்டோரம் வந்தபோது கேட்டேன்.
“வலிக்குதா?”
“இல்ல சார்.”

பிசகாமல் வந்தது.
என் காலடியில் நின்றது.

எங்களிடம் நம்பர் பலகை கிடையாது.
எட்டு விரலைத் தூக்கிக் காட்டினேன்.
ஐம்பத்திரண்டாம் நிமிஷம்.
அவள் விரல்களை எண்ணினாள், திரும்பவும் எண்ணினாள்.
நோட்டுக்காரர் பேனாவை மூடினார்.
அறுபதில் ஒரு கோல் வாங்கினோம்,
அவள் நின்றிருக்க வேண்டிய இடம் வழியாக.

திரும்பும்போது குறிஞ்சிப்பாடியில் வேனை நிறுத்தி
மீன்கடையில் ஐஸ் வாங்கினோம்.
கவலை மீன் நாற்றத்தோடு
பாலிதீன் பையில் வீங்கிய கணுக்கால்.
அவள் அம்மா என்னைப் பார்க்காமல்
ஜன்னலிடம் சொன்னாள்:
“உங்களுக்குக் கெடச்சிருச்சு சார்.
அதான் உங்களால வேணாம்னு சொல்ல முடியுது.”

சரிதான். எனக்குக் கிடைத்தது.
மாடிப்படி ஏறும்போதெல்லாம்
இன்றும் கிடைத்துக்கொண்டிருக்கிறது.
அதை அவளிடம் சொல்லவில்லை.
சொன்னால் கணக்கு நேராகிவிடும் போலிருந்தது,
நேராகாது.

மூன்று வாரம் வரவில்லை.
நேற்று வந்தாள்.
கணுக்காலில் துணிக் கட்டு, காலில் ரப்பர் செருப்பு.
கோட்டுக்கு வெளியே,
யாரோ பஸ்ஸுக்கு நிற்பது போல நின்றாள்.
சின்னப் பையன்கள் கூட்டத்திலிருந்து
பந்து ஒன்று தெறித்து வந்தது.
செருப்பைக் கழற்றவில்லை.
வலது காலால் நிறுத்தி,
இரண்டு தோளையும் தாண்டிப் பார்த்து,
ஆளே இல்லாத ஓர் இடத்துக்குத் தட்டினாள்.

ஆள் பிறகுதான் வந்தான்.

நான் குனிந்து மூடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
என்னிடம் அவள் இன்னும் பேசவில்லை.