பதினேழாம் இலக்கம்

லீமிங்டன். தை மாதத்து நடுச்சாமம்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
உள்ளே, நாற்பது ஏக்கர் கண்ணாடிக்குக் கீழே,
தக்காளி இலைகள் வேர்த்து நிற்கவேண்டும்.
வேர்க்கவில்லை.

மடியில் கணினி. அதில் ஒரு விரல் நீள அடாப்டர்.
அடாப்டரிலிருந்து இரண்டே கம்பி: ஏ, பி.
முப்பத்தொரு பெட்டிகளும் இந்த இரண்டிலும்தான் கதைக்கவேண்டும்.
கேள்வி எல்லோர் காதிலும் விழும்;
இலக்கம் சொல்லிக் கூப்பிட்ட ஆள் மட்டும் வாய் திறக்கும்.
எங்கள் வீட்டில் நடக்காத காரியம்.
கடைசிப் பெட்டியில் நூற்றிருபது ஓம் தடை,
சொன்ன சொல் முட்டித் திரும்பி வராதிருக்க.

பதினேழைக் கூப்பிட்டேன். சுடுநீர்க் குழாய்.
வந்தது கேள்விக்குறி, கட்டம், பாதி எழுத்து:
பல் வைத்தியரின் கதிரையில் கிடந்தபடி
யாரோ பதில் சொல்வது போல.

வேகத்தை மாற்றினேன். ஒன்பதாயிரத்து அறுநூறு.
பத்தொன்பதாயிரத்து இருநூறு.
ஏயையும் பியையும் மாற்றிப் பூட்டினேன்:
குழறலும் நின்றது.
திரும்பவும் பழையபடி.
பிறகு பரிட்டி.
ஒற்றையோ, இரட்டையோ, ஒன்றுமே இல்லையோ?
புளியங்கொட்டையைப் பொத்திய கைபோலத்
திரை என் முன்னால் நீண்டது.
இரட்டை, என்றேன்.

இருபத்தொன்பது பெட்டிகள் தெளிவாகப் பேசின.
இருபத்துமூன்று மூச்சுக் காட்டவில்லை.
பதினேழு இன்னும் குழறியது.

வாசலில் ஃபிரீசன், தொப்பியில் பனியோடு.
"வியாழக்கிழமை ஒரு விசிறிப் பெட்டி மாற்றினேன்.
சுவிட்ச் எப்படி வைப்பதென்று தெரியவில்லை.
பக்கத்துப் பெட்டியைப் பார்த்து வைத்தேன்."
பார்த்தெழுதியிருக்கிறார்.
பதினேழு என்று கூப்பிட
இரண்டு பேர் ஒன்றாக எழும்பி நின்றிருக்கிறார்கள்
நாலு நாளாக.

ஏணி. கையுறையைக் கழற்றினேன்.
ஐந்து வெள்ளைப் பற்கள்; முதலாவதும் கடைசியும் மேலே.
இரண்டாவதையும் மூன்றாவதையும் நகத்தால் தள்ளினேன்.
இனி நீ இருபத்துமூன்று.

கீழே வந்து மறுபடி கூப்பிட்டேன்.
பூச்சியம் பூச்சியம் ஏ நான்கு.
"என்ன சொல்கிறது?" என்றார் ஃபிரீசன்.
பதினாறு தசம் நான்கு பாகை என்று சொல்லியிருக்கலாம்.
"குளிருதாம்," என்றேன்.

எங்கோ கொதிகலன் இருமித் தொடங்கியது.
ஏ நான்கு. ஏ நான்கு.
ஏ நான்கு.
ஃபிரீசன் தொப்பியைக் கழற்றினார்.
ஏ ஐந்து.