ஒரு டன் கடல்

களியக்காவிளை எடைமேடையில் எனக்கு வேலை.
பாறைப்பொடி ஏற்றிக் கேரளம் போகும் லாரிகள்
சரக்கோடு ஒருமுறை, வெறும் வண்டியாய் ஒருமுறை.
கழித்து எழுதிக் கொடுப்பேன்.

அதனால் தொட்டி வாங்குமுன் கணக்குப் போட்டேன்.
தண்ணீர் எழுநூறு லிட்டர்,
கடல்தண்ணீர் ஆனதால்
லிட்டருக்கு இருபத்தைந்து கிராம் கூடுதல்.
கண்ணாடி, பாறை, இரும்பு ஸ்டாண்டு.
ஒரு டன்னைத் தாண்டியது.

வீட்டுக்காரர் கிறிஸ்துதாஸ்
தரையைக் குதிகாலால் இடித்துப் பார்த்தார்.
"ஆனையையா வளக்கப் போறிய?"
"மீனு."
"எத்தன மீனு?"
"ஒண்ணு."

திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
ஆக்சிஜன் அடைத்த பையில்
கருநீல உடம்பு, வெள்ளை வளையங்கள்
ஒன்றுக்குள் ஒன்று,
கிணற்றில் கல் விழுந்தது போல.
சோதனைச் சாவடியில் டார்ச் அடித்த போலீஸ்காரர்
"கறிக்கா?" என்றார்.

கடையில் அதன் பெயர் எம்பரர் ஏஞ்சல்.
எங்கள் கோயிலில் ஏஞ்சலுக்குச் சம்மனசு என்று பெயர்.
சம்மனசு சிப்பிச் சதை தின்றது.
தேங்காப்பட்டணத்துச் சிப்பி,
எங்களுக்குப் பாதி, அதற்குப் பாதி.

கடைக்காரர் அசீம் மலையாளத்தில் சொல்லியிருந்தார்:
தன்னைப் போல் கோடு போட்ட இன்னொருவனைப்
பெரியது தன் பாறையில் விடாது.
அதனால்தான் குட்டிக்கு வேறு சட்டை.
எனக்குச் சட்டென்று புரிந்தது.
பாறசாலைச் சந்தையில் நான் கேட்பது "எத்ரயா சேட்டா?"
நாலு கிலோமீட்டர் திரும்பி வந்தால்
அதே வாயால் "எவ்வளவுண்ணே?"

இரண்டாம் வருடம் வாலோரத்தில்
வளையம் உடைந்தது.
ஏழு மாதம் அது எதுவாகவும் இல்லை,
பாதி அழித்த சிலேட்டு.
பிறகொரு காலை விளக்கைப் போட்டேன்,
மஞ்சள் கோடுகள், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை,
யாரையும் கேட்காத முகம்.

ராத்திரியில் ஒரு சத்தம். டொக்.
பம்பு பழுது என்று இரண்டுமுறை கழற்றிப் பூட்டினேன்.
பம்பு இல்லை.
மீன்தான் உள்ளிருந்து தட்டிற்று.

ஐப்பசி மழையில் மின்சாரம் போன அன்று
இரண்டு மணிக்கு இன்வெர்ட்டரும் செத்தது.
மக்கால் மோந்து மோந்து உயரத்திலிருந்து ஊற்றினேன்.
அது மேலே வந்து
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து வாய் திறந்தது.
ஸ்டார்லின் ஒன்றும் சொல்லாமல் மழைக்குள் போய்
டெம்போவின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தான்.
வயரைப் பல்லால் உரித்தான்.
குமிழி வந்தது.
மறுநாள் அவனுக்குச் சவாரி இல்லை.

இப்போது ஒன்றரைச் சாண்.
இந்தக் கண்ணாடியிலிருந்து அந்தக் கண்ணாடிக்கு
நாலு விநாடியில் போய்விடுகிறது. எண்ணியிருக்கிறேன்.
மேடைமேல் ஏறி நிற்க
ஒரு லாரிக்கு இதைவிட நேரம் ஆகும்.
பெரிய தொட்டிக்கு இந்தத் தரை காணாது.
கடலில் விடலாமா என்று கேட்டேன்.
கடைத்தண்ணீரின் நோயெல்லாம் கடலுக்கா,
கூடவே கூடாது என்றார் அசீம்.

போன வாரம் ஸ்டார்லின்
விழிஞ்ஞம் சவாரி முடிந்து வந்தான்,
சட்டைக்குள் ஒரு பை.
விரல் நீளம், கருநீலம், வெள்ளை வளையம்.
"தனியால்லா கெடக்கு அது" என்றான்.
நான் கத்திய கத்தில்
கீழே கிறிஸ்துதாஸ் கதவைத் திறந்தார்.

திருப்பிக் கொடுக்க ரசீது இல்லை.
தனித்தொட்டியும் இல்லை.
விளக்கை அணைத்துவிட்டு
மெல்ல இறக்கினோம்.

பெரியது வந்தது.
ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது.
போய்விட்டது.

ஆறு நாளாயிற்று.
வேலைக்குப் புறப்படுமுன்
டார்ச் அடித்துக் குனிகிறேன்,
சின்னதன் வாலோரத்தைப் பார்க்க.
வளையம் முழுசாய் இருக்கிறது.
இன்றைக்கும்.